அச்சு மாறினால் மாவு மாறுமா?

மாலை ஆறு மணி. மணப்பாறைப் படிப்பகத்திலே ஏடுகள் கைமாறிக் கொண்டிருந்தன. சந்தையில் மூட்டை இறக்கிவிட்டுத் தோளில் துண்டோடு வந்த தோழர் ஒருவர் என் பக்கத்தில் அமர்ந்தார். ஏட்டைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

"தம்பி! இதிலே 'நானோ' என்று எழுதியிருக்கிறார்களே, அது என்ன? வைத்தியமா, வியாபாரமா?"

என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கொடி கட்டக் கூப்பிட்டால் ஏணியோடு வருகிறவர். அவருடைய துணைவியார் முறுக்குச் சுடும் வேலைக்குப் போகிற அம்மா. பொழுது விடியுமுன் அடுப்புக்கு முன்னே அமர்ந்தால், வெயில் உச்சிக்கு வரும்வரை எண்ணெய்ச் சட்டியின் ஆவி முகத்திலே. ஊருக்கெல்லாம் பெயர் வாங்கிக் கொடுத்த முறுக்கு. சுட்ட கைக்குக் கிடைப்பதோ நாட்கூலி! அந்த அம்மாவுக்கு மார்பிலே கட்டி. திருச்சிக்குப் போய்ச் சோதித்ததில் புற்றுநோய் என்றார்கள். அரசு மருத்துவமனையிலே மருந்து ஏற்றுகிறார்கள், காசில்லாமல். இதற்கிடையில் உறவினர் ஒருவர், "அது பழைய மருந்து, இப்போது நானோ மருந்து வந்திருக்கிறது, வேதனையே இராது" என்று சொல்லி, மருந்தின் பெயரையும் விலையையும் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். தோழர் வீட்டில் இரண்டு கறவை மாடுகள் உண்டு. அவற்றைச் சந்தைக்கு ஓட்டிவிடலாமா என்பதுதான் அவர் கேள்வியின் அடியிலே கிடந்த கேள்வி.

நான் படித்தது பள்ளிக்கூடப் படிப்பு. கல்லூரி வாசலை ஊர்வலத்தில் போகும்போது பார்த்ததோடு சரி. ஆனால் கேட்டவருக்குத் தெரியாது என்று கைவிரித்து அனுப்ப மனம் வரவில்லை. இரண்டு வாரம் படித்தேன். தெரிந்த டாக்டர்களைத் துளைத்தெடுத்தேன். தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன். ஏனென்றால் இது ஒரு தோழரின் வீட்டுச் சங்கதி மட்டுமல்ல.

அந்த அம்மாவுக்கு ஏற்றும் மருந்தின் பெயர் பக்லிடாக்சல். சீட்டில் எழுதியிருந்த விலையுயர்ந்த மருந்தின் பெயர்? அதுவும் பக்லிடாக்சல்தான்! ஆம், தோழர்களே! உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றே. அதைச் சுமந்து செல்லும் வண்டிதான் வேறு.

இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளிலே வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து. 1962ஆம் ஆண்டில் அந்தப் பட்டையை உரித்துச் சேகரித்தார்கள். யார் செலவில்? அமெரிக்க மக்களின் வரிப் பணத்தில் நடக்கும் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் செலவில். மன்ரோ வால், மன்சுக் வாணி என்ற இரு விஞ்ஞானிகளும் அவர்களுடைய துணைவர்களும் அதிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை 1971இல் வெளியிட்டார்கள். வாணி மராட்டிய மண்ணிலே பிறந்தவர். 1991இல் அந்த அரசு, மருந்தை விற்பனைக்குக் கொண்டுவரும் வேலையை பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் என்ற கம்பெனியிடம் ஒப்படைத்தது. 1992இல் மருந்துக்கு விற்பனை அனுமதி கிடைத்தது. பிறகு நடந்ததை அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே 2003இல் கணக்குப் போட்டுக் காட்டியது. மக்கள் பணம் போட்டது 48 கோடி டாலருக்கு மேல். கம்பெனி விற்றது ஏறத்தாழ 900 கோடி டாலருக்கு. மக்களுக்கு உரிமைத் தொகையாகத் திரும்பி வந்தது 3.5 கோடி டாலர்!

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்களே, அது நம் ஊருக்கு மட்டும் எழுதிய பழமொழி அல்ல போலும்.

நிற்க. வண்டிக்கு வருவோம்.

பக்லிடாக்சல் தண்ணீரில் கரையாது. தண்ணீரில் கரையாத மருந்தை இரத்தத்தில் ஏற்றுவது எப்படி? ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கிரீமஃபோர் என்ற கரைப்பானிலே, கொஞ்சம் சாராயமும் சேர்த்துக் கரைத்தார்கள். மருந்து கரைந்தது, உடம்புதான் முரண்டு பிடித்தது. சிலருக்குத் தோல் தடிக்கிறது. சிலருக்கு மூச்சு முட்டுகிறது. சிலருக்கு இரத்த அழுத்தம் சட்டென்று சரிகிறது. அதனால்தான் முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்து, உடம்பைச் சமாதானப்படுத்தி, மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். வழக்கிலே மருந்தோடு வண்டியும் குற்றவாளி. முடி கொட்டுவது மருந்தின் வேலை. மூச்சு முட்டுவது பெரும்பாலும் வண்டியின் வேலை.

ஏறிய மருந்தாவது கட்டிக்கு மட்டும் போகிறதா? இல்லை. உடம்பு முழுதும் சுற்றுகிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை! நல்ல அணுவும் வேகிறது, கெட்ட அணுவும் வேகிறது.

"வீட்டைக் கொளுத்தாமல் எலியை மட்டும் பிடிக்க முடியாதா?" என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். அங்கேதான் பிறந்தது, கரைந்து மறையும் பாலிமர்த் துகள்.

பாலிமர் என்றதும் மிரள வேண்டாம். கண்ணியோடு கண்ணி கோத்த சங்கிலி, அவ்வளவுதான். நெகிழிப் பை பாலிமர். பருத்தி நூல் பாலிமர். நம் உடம்பின் புரதமும் பாலிமரே. நெகிழிப் பை சாக்கடையை அடைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாய்க் கிடக்கும். ஆனால் தயிரைப் புளிக்க வைக்கிறதே ஒரு அமிலம், லாக்டிக் அமிலம், அதைக் கண்ணியாக வைத்துச் சங்கிலி கோத்தால்? மூட்டை சுமந்து மாடிப்படி ஏறும் தோழரின் தசையிலே ஊறுவதும் அதே அமிலம்தான். உடம்புக்குப் பழக்கமான சரக்கு. அதோடு கிளைக்காலிக் அமிலம் என்ற இன்னொரு கண்ணியையும் மாற்றி மாற்றிக் கோக்கிறார்கள். இரத்தத்திலும் தசையிலும் உள்ள தண்ணீரே இந்தச் சங்கிலியை மெல்ல மெல்ல அறுத்துவிடும். கடைசியில் மிஞ்சுவது நாம் மூச்சிலே விடும் கரியமில வாயுவும் தண்ணீரும். இரண்டு கண்ணிகளும் சரிபாதி என்றால் ஒன்றிரண்டு மாதத்தில் கரையும். லாக்டிக் பங்கு கூடினால் கரைய அதிகக் காலம் பிடிக்கும். எத்தனை நாளில் கரைய வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துச் சமைக்கலாம்!

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களைக் கேளுங்கள். "தையல் பிரிக்க வர வேண்டாம், தானே கரைந்துவிடும்" என்று டாக்டர் சொல்லியிருப்பார். அந்தக் கரையும் நூல் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். 1970களிலிருந்து உலகமெங்கும் மனித உடம்பைத் தைத்து வருகிறது. நூலாக நின்றதை நுண்துகளாக்கி, அதன் வயிற்றிலே மருந்தை வைத்து அனுப்புகிறார்கள். துகளின் குறுக்களவு நூறு நானோமீட்டர் என்றால், ஒரு தலைமயிரின் குறுக்கே எண்ணூறு துகள்களைத் தோளோடு தோள் நிறுத்தி அணிவகுப்பு நடத்தலாம்.

சரி, இந்தத் துகளுக்குக் கட்டியின் முகவரி யார் கொடுத்தார்? கட்டியே கொடுக்கிறது! வளர வேண்டும் என்ற வெறியிலே அது தனக்கென்று இரத்தக் குழாய்களை அவசரம் அவசரமாகக் கட்டிக்கொள்கிறது. அவசரக் காண்டிராக்டர் கட்டிய பாலம் எப்படி இருக்கும்? ஓட்டையும் ஒடிசலுமாகத்தானே! நல்ல குழாய்களின் சுவரில் நுழைய முடியாத துகள், கட்டியின் ஓட்டைக் குழாய் வழியே உள்ளே கசிந்து தங்கிவிடுகிறது. மட்சுமுரா, மயேடா என்ற ஜப்பானிய விஞ்ஞானிகள் 1986இல் இதை எடுத்துக் காட்டினார்கள். வழியிலே துகளைப் பிடித்துத் தின்னும் காவல் அணுக்களின் கண்ணில் மண்ணைத் தூவ, துகளுக்கு ஒரு போர்வை போர்த்தலாம் என்று 1994இல் அமெரிக்காவிலே ராபர்ட் லாங்கரின் குழுவினர் காட்டினார்கள்.

கேட்கக் கேட்க இனிக்கிறதல்லவா? இங்கேதான் நான் கொஞ்சம் கசப்பைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. மேடையிலே பேசுகிறவன் கைதட்டல் வரும் இடத்தில் நிறுத்திக்கொள்வது வழக்கம். பத்திரிகையில் எழுதுகிறவன் அப்படி நிறுத்தக் கூடாது.

2016ஆம் ஆண்டிலே கனடா நாட்டு டொராண்டோ பல்கலைக்கழகத்தார், பத்தாண்டு காலம் வெளிவந்த ஆராய்ச்சிகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். ஆய்வுக்கூட விலங்குகளுக்கு ஏற்றிய துகள்களில் கட்டியைச் சென்று சேர்ந்தது எவ்வளவு? நடுத்தரக் கணக்கில் 0.7 சதவீதம்! நூறு மூட்டை ஏற்றி அனுப்பினால், சேர வேண்டிய கிட்டங்கிக்கு ஒரு மூட்டைகூட முழுதாய்ச் சேரவில்லை. கல்லீரலும் மண்ணீரலும் சுங்கச் சாவடி போல வழியில் நின்று பெரும்பகுதியைப் பிடித்துவிடுகின்றன. அமெரிக்காவிலே இந்தத் துகள்களையே நம்பித் தொடங்கிய பைண்ட் என்ற கம்பெனி, கட்டியைத் தேடிப் பிடிக்கும் துகள் என்று பெரிதாய் முழங்கி, அதே 2016இல் திவால் மனுப் போட்டது.

அப்படியானால் எல்லாம் பித்தலாட்டமா? அதுவும் அல்ல. புரதத் துகளிலே பக்லிடாக்சலை ஏற்றிய அப்ராக்சேன் என்ற மருந்துக்கு 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆமணக்கெண்ணெய்க் கரைப்பான் இல்லை. அந்த ஒவ்வாமைக்காக முன்கூட்டி ஸ்டீராய்டு போடும் வழக்கமும் இல்லை. மூன்று மணி நேரத்துக்குப் பதில் அரைமணி நேரம். பரவிய மார்புப் புற்றுநோய் கண்ட பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பழைய வண்டியில் 100க்கு 19 பேருக்குக் கட்டி சுருங்கியது. புதிய வண்டியில் 33 பேருக்கு. அது மெய்யான பலன். ஆனால் கைகால் கடுமையாக மரத்துப்போவது புதியதில்தான் அதிகம். "வேதனையே இராது" என்ற உறவினர் பேச்சு எவ்வளவு தூரம் மெய் என்பதை இதிலிருந்து அளந்துகொள்ளலாம். தென் கொரியாவிலே லாக்டிக் அமிலப் பாலிமரில் பொதிந்த ஜெனெக்சால் 2007இல் விற்பனைக்கு வந்தது. கரைந்து மறையும் வகைக்கு அதுதான் நல்ல சான்று.

நம் நாடு சும்மா இருந்ததா? இல்லை. டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அமர்நாத் மைத்ரா பாலிமர்த் துகளிலே பக்லிடாக்சலைப் பொதியும் வழியைக் கண்டார். அவருடைய பாலிமர் கரைந்து மறையும் வகையைச் சேர்ந்ததன்று. எனினும் ஆமணக்கெண்ணெய் வேண்டாத வண்டி. டாபர் நிறுவனத்தாரின் ஆராய்ச்சிக் கூடத்தோடு சேர்ந்து வளர்ந்த அந்த மருந்து, நானாக்சல் என்ற பெயரில் 2007இல் இந்தியக் கடைகளுக்கு வந்தது. மகிழ்ச்சி! ஆனால் மறு ஆண்டே, 2008இல், அந்த மருந்துக் கம்பெனியின் பெரும்பங்கை ஜெர்மனியின் ஃப்ரெசீனியஸ் காபி வாங்கிக்கொண்டது. சட்டப்படி குற்றமில்லை. பங்கு விற்பனை, அவ்வளவுதான். ஆனால் பல்கலைக்கழகத்து விளக்கிலே எரிந்தது யார் ஊற்றிய எண்ணெய்?

அதே 2007இல் இந்திய அரசு நானோ ஆராய்ச்சிக்கென்றே ஐந்தாண்டுக்கு 1,000 கோடி ரூபாயில் ஒரு திட்டம் தொடங்கியது. அந்தப் பணம் வானத்திலிருந்து கொட்டவில்லை. தீப்பெட்டி வாங்குகிறவன், சோப்பு வாங்குகிறவன், பேருந்திலே ஏறுகிறவன் கொடுத்த காசு. மணப்பாறை முறுக்குக் கூடத்து அம்மாவும் அதிலே பங்குதாரர். பங்குப் பத்திரம் அச்சடித்துக் கொடுக்கவில்லை, அவ்வளவே வேறுபாடு!

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். மணப்பாறையிலே முறுக்குச் சுடும் ஒருவர், அதே அரிசி மாவு, அதே எள், அதே ஓமம் வைத்துக்கொண்டு, அச்சை மட்டும் சிறிதாக்கிவிட்டு, "இனி இருபதாண்டுக்கு இந்த முறுக்கை என்னைத் தவிர எவரும் சுடக் கூடாது" என்றால் ஊர் சிரிக்காதா? அச்சு மாறினால் மாவு மாறுமா? ஒருவேளை அந்த அச்சினால் முறுக்கின் பயனே உயர்ந்துவிட்டது என்றால், அதை மெய்ப்பித்துக் காட்டு, பிறகு பேசுவோம் என்போம். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2005இல் திருத்தி அமைத்த 3(டி) பிரிவு இதைத்தான் சொல்கிறது. தெரிந்த பொருளின் புது வடிவத்துக்கு, நோய் தீர்க்கும் பலன் கூடியிருக்கிறது என்று காட்டினாலொழிய, உரிமை கிடையாது. அந்தப் பிரிவின் விளக்கத்திலே எவையெவை 'அதே பொருள்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இருக்கும் ஒரு சொல்லைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'துகளின் அளவு'! நானோ என்றாலே துகளின் அளவுதானே? மருந்தை நுணுக்கிவிட்டேன், ஆகவே அது என் சொத்து என்று சொல்ல இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

இந்தப் பிரிவு சும்மா கிடைக்கவில்லை. சும்மா நிலைக்கவும் இல்லை. கிளிவெக் என்ற இரத்தப் புற்றுநோய் மருந்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி உரிமை கேட்டது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006இல் மறுத்தார்கள். சட்டமே செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள்; 2007இல் அங்கேயும் தோற்றார்கள். 2013 ஏப்ரல் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. கம்பெனி விலையில் மாதத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல். உள்நாட்டார் செய்த அதே மருந்து பத்தாயிரத்துக்குள். இன்னொரு கணக்கும் உண்டு. நெக்சவார் என்ற புற்றுநோய் மருந்துக்கு பேயர் கம்பெனி மாதம் 2,80,428 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தது. 2012 மார்ச்சில் கட்டாய உரிமம் பெற்ற ஐதராபாத் நேட்கோவுக்கு விதித்த உச்ச விலை 8,880 ரூபாய். மருந்தின் விலைக்கும் கேட்கிற விலைக்கும் இடையே எத்தனை மாளிகைகள் நிற்கின்றன பாருங்கள்!

ஆராய்ச்சிக்குச் செலவில்லையா என்று கேட்பார்கள். உண்டு. துகளைச் சீராகச் செய்வது விளையாட்டல்ல. ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று போனால் நோயாளியின் உயிரோடு விளையாட்டாகும். அந்த உழைப்புக்குக் கூலி கொடுப்போம், இலாபமும் கொடுப்போம். கூலி என்ற சொல்லின் அருமை நம்மைவிட யாருக்குத் தெரியும்? பலன் கூடியது என்று மெய்ப்பித்து வருகிறவனுக்குச் சட்டமே வழி விடுகிறது. ஆனால் மக்கள் பணத்தில் வளர்ந்த ஆராய்ச்சியைக் கம்பெனிக்குக் கொடுக்கும்போது, ஒப்பந்தத்திலேயே விலைக்கு ஒரு வரம்பு எழுதிக் கொடுங்கள் என்கிறோம். 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு விற்பனை இலாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய அரசு கட்டுப்பாடு போட்டதே! போட முடியும் என்பது தெரிந்துவிட்டது. பிறகு ஏன் தயக்கம்?

நம் மாநிலத்தில் மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. 1994இல் அமைந்தது. கம்பெனிப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் பெயரால் மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கேட்டு வாங்கி, அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. நானோ மருந்துகளில் எது யாருக்கு மெய்யாகவே கூடுதல் பலன் தருகிறது என்று டாக்டர்கள் குழு ஆராயட்டும். ஆமணக்கெண்ணெய்க் கரைப்பான் ஒத்துக்கொள்ளாத நோயாளி இருக்கிறார் என்றால், அவருக்கு மாற்று வண்டி அரசு மருத்துவமனையிலேயே கிடைக்க வேண்டும். மாடு வைத்திருப்பவருக்கு மூச்சு, மாடில்லாதவருக்கு மூச்சுத் திணறலா? மருந்து கட்டியைத் தேடிப் போகக் கற்றுக்கொடுத்த விஞ்ஞானம் வாழ்க! அந்த மருந்து நோயாளியைத் தேடி வரும் வழியை அரசாங்கம்தான் போட வேண்டும், துகள் போடாது.

நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954இல் அடையாற்றிலே 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். "பிழைக்காத நோய்க்கு எதற்கு ஆஸ்பத்திரி?" என்று கேட்ட காலம் அது. அன்று கேட்டவர்கள் பெயர் யாருக்கும் நினைவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிடும் ஆண்டறிக்கையிலே 3(டி) பிரிவைக் குறை கூறுவது வாடிக்கையாகிவிட்டது. வாணிப ஒப்பந்தம் என்ற பெயரில் மேசைக்கடியில் இந்தப் பிரிவைச் சுரண்டிவிடக் கூடாது. அடுத்த தொழிற்சங்கக் கூட்டத்தில், போனஸ், பஞ்சப்படி தீர்மானங்களுக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு தீர்மானம் எழுதுங்கள். "இது நம் விவகாரமா?" என்று யாராவது கேட்டால், சங்கத்தில் எத்தனை பேர் வீட்டில் புற்றுநோய் வந்திருக்கிறது என்று கை தூக்கச் சொல்லுங்கள்.

தோழரின் சீட்டுக்கு வருகிறேன். அதை எடுத்துக்கொண்டு இருவரும் திருச்சிக்குப் போய், அந்த அம்மாவுக்கு மருந்து ஏற்றும் டாக்டரையே கேட்டோம். அவர் சிரிக்கவில்லை; கோபிக்கவும் இல்லை. பொறுமையாகச் சொன்னார்: "இந்த அம்மாவுக்கு இப்போது கொடுக்கும் மருந்து ஒத்துக்கொள்கிறது. கட்டியும் சுருங்கி வருகிறது. மாற்ற வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒத்துக்கொள்ளாமல் போனால் நானே சொல்வேன்."

திரும்பும் பேருந்தில் தோழர் அந்தச் சீட்டை மறுபடி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கிழித்துப் போடவில்லை. மாடுகள் தொழுவத்திலேயே நிற்கின்றன. நான்கு தவணையில் மூன்று முடிந்தது. நாலாவதற்கு அடுத்த வாரம் போகிறார்கள்.